முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம்

சத்யப்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. அவள் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுகிறாள் என்று எதிர்வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், பெண் பொம்மைப் படம் போடுகிறது, குழந்தைகள் என்றால் உயிர் போலிருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டி, அந்தக் குணத்தை மெச்சிவிட்டு, கேசரியைக் காலி செய்துவிட்டுப் போனது. மறுபடி அவர்கள் வரவில்லை. அதற்குப் பொம்மைப் படம் காரணமில்லை. அந்த வீட்டில் விழுந்த ஒரு சாவுக்கு இன்னும் காரியமே செய்யவில்லை என்று யாரோ புண்ணியவான் அவர்கள் காதில் போட்டிருந்தான்.

சத்யப்ரியாவுக்கு முப்பத்திரண்டு வயது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மேல்மாடியில் ஜான்சன் என்பவர் அனிமேஷன் ஸ்டூடியோ நடத்துகிறார். கல்லூரி முடித்ததிலிருந்து அங்கேதான் வரைகிறாள். அவள் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமில்லை, கேட்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், பிறகு எழுந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த படத்தையும் நின்ற படத்தையும் கண்காணாத தேசத்தில் ஒரு பெரிய ஓவியர் வரைந்து அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். அவன் முட்டியில் கை ஊன்றி, முதுகை நிமிர்த்தி, கொஞ்சம் தடுமாறி எழுந்த நடுப்படங்கள் எல்லாவற்றையும் இவள் வரைய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவள் படம் ஒன்றுகூடத் தனியாகத் தெரியாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

அந்த ஸ்டூடியோவுக்கு அதுவரை வந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்தான். பல் தேய்க்கச் சொல்லிப் பாடும் முயல், கூட்டல் சொல்லித்தரும் கத்தரிக்காய். முயலின் காதை ஆட்டி ஆட்டியே அவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. போன வருடம்தான் ஜான்சன் வேறு மாதிரி வேலை ஒன்றைப் பிடித்துவந்தார். பெரியவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய கார்ட்டூன் படம். ஒரே படத்துக்குள் ஏழு கதைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டைரக்டர், ஒவ்வொரு கதையும் ஒவ்வொரு ஊரில் தயாராகும். ஒரு கதையில் நிலாவில் சுரங்கம் வெட்டப் போனவர்கள் பசி தாங்காமல் ஒருவரை ஒருவர் தின்கிறார்கள். இன்னொன்றில் ஒரு ராணி தன் நிழலைத் துண்டு துண்டாக வெட்டிப் படை திரட்டுகிறாள், கடைசியில் வெட்ட நிழல் இல்லாமல் கையை வெட்டிக்கொள்கிறாள். துணி இல்லாத ஆட்களும் உண்டு, அதெல்லாம் நம்ம பங்கில் வராது என்று ஜான்சன் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தது ஐந்தாவது கதை. எங்கோ ஒரு கிரகத்தில் வெள்ளம் வடிவதே இல்லை. அங்கே ஒரு கிழட்டு இயந்திரப் பெண். தண்ணீரில் செத்தவர்களைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்து, அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதற்கு இட்ட வேலை. ஒரு நாள் அது தூக்குகிற பையனின் முகம் அதன் கணக்கில் எங்குமே இல்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டுகிறது. யாரும் எங்கள் பிள்ளை என்று சொல்வதில்லை. கதை அவ்வளவுதான். ஜான்சன் இதைச் சொல்லி முடித்தபோது மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். சத்யப்ரியா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஜான்சனுக்கு அவள் வீட்டு விஷயம் தெரியும். வேண்டாம் என்றால் வேறு வேலை தருகிறேன் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வரைகிறேன் என்றாள்.

அவள் வீட்டு விஷயம் இதுதான். அவளுக்குக் கலைவாணன் என்று ஒரே தம்பி. அப்பா இல்லாத வீடு. திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் சொந்தக் கிராமம், கொஞ்சம் நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் படிப்புக்காக டவுனுக்கு வந்த குடும்பம். தம்பி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடத்துக்கு முந்திய கார்த்திகையில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. ஆறா அது என்று கேட்கும்படி காய்ந்து கிடந்த இடத்தில் தண்ணீர் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கத்தானே போகும். அவனும் சிநேகிதர்களோடு பைக்கில் போனான். திருமுக்கூடலில், மூன்று ஆறும் கூடுகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கினான். மணல் அள்ளிய பள்ளம் அடியில் இருந்தது. அவன் கூப்பிடக்கூட இல்லை என்று சிநேகிதர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் வெகுதூரம் கீழே, கரையோரக் கருவேல மரங்களில் சிக்கியிருந்த உடம்பை எடுத்தார்கள். இரத்தச் சொந்தம் யாராவது வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அம்மா பூவம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளைத் தடுத்து நிறுத்தியவர் அவளுடைய தம்பி மாணிக்கவேல், சத்யப்ரியாவின் தாய்மாமன். நல்ல மனுஷர். கல்யாணம், சாவு, வழக்கு எதுவானாலும் முன்னால் நிற்கிறவர். அக்கா வேண்டாம், நாங்கள் போய்க் கூட்டிவருகிறோம் என்று சொல்லி, அக்கா மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பிணவறை வாசல் வரைக்கும்தான் அவர் தைரியம் போயிற்று. ஒரு பீடி பிடித்துவிட்டு வருகிறேன் என்று படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சத்யப்ரியா மட்டும் உள்ளே போனாள்.

வாழ்நாள் முழுக்க உருவங்களை உற்றுப் பார்த்தே பழகிய கண் அவளுடையது. வேண்டாம் என்று நினைத்தாலும் அது பார்க்கத்தான் செய்யும். பார்த்தாள். தம்பிதான் என்று சொன்னாள். கையெழுத்துப் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் முகம் பார்ப்பது முக்கியம். பிணத்தை வீட்டு வாசலில் போட்டிருக்கும் வரைக்கும் பெண்கள் பார்த்துக்கொள்ளலாம், கன்னத்தைத் தடவலாம், திட்டலாம், என்னை விட்டுப் போனியே என்று அடிக்கக்கூடச் செய்யலாம். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. அங்கே கொள்ளி வைப்பதற்கு முன்னால் வெட்டியான், முகம் பார்க்கிறவங்க பாத்துக்கங்க என்று குரல் கொடுப்பான். எங்கிருந்தோ வந்த தூரத்துச் சொந்தம், பத்து வருடம் பேசாத பங்காளிகூட அந்தக் குரலுக்கு ஒரு எட்டு முன்னால் வந்து பார்ப்பான். அதற்குப் பிறகுதான் செத்தவன் செத்தவன் ஆகிறான்.

மாணிக்கவேல் மாமா படியில் உட்கார்ந்தபடியே ஒரு முடிவு எடுத்திருந்தார். உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தபோது வேன்காரனிடம், வீட்டுக்கு வேண்டாம், நேராகக் கிராமத்துச் சுடுகாட்டுக்கு விடு என்றார். அக்கா இந்தக் கோலத்தைப் பார்த்தால் தாங்க மாட்டாள், ஆயுசுக்கும் கண்ணிலேயே நிற்கும் என்று சத்யப்ரியாவிடம் சொன்னார். அவளுக்கும் அது சரி என்றுதான் பட்டது. அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் பட்டிருக்கும். சுடுகாட்டில் வெட்டியான் வழக்கப்படி குரல் கொடுத்தானாம். ஒருவரும் முன்னால் வரவில்லை, கட்டும் அவிழ்க்கவில்லை. மாமாவே கொள்ளி வைத்தார். சாம்பலை அதே ஆற்றில் கரைத்தார்கள்.

பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, நெல் பரப்பி விளக்கேற்றி வைத்திருந்தார்கள். பூவம்மாள் மகனுடைய நீலச் சட்டையைத் துவைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் வரவில்லை. ஈரத் தலையோடு மாணிக்கவேல் வந்தார், அவர் பின்னால் சத்யப்ரியா.

"எங்கடா எம்புள்ள?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிதுக்கா."

அன்றைக்கு அவள் அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல்காரன் வந்தபோது அவனைத் திருப்பி அனுப்பினாள். மகன் போட்டோவுக்குப் போட மாமா வாங்கிவந்த மாலையை மாட்டுக்குப் போட்டாள். யாரையோ எரித்துவிட்டு வந்து என் பிள்ளை என்று சொல்கிறீர்கள், நான் முகம் பார்க்கவில்லை, எனக்கு என் பிள்ளை சாகவில்லை என்றாள். அதை ஆங்காரமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். 

மகளிடம் மட்டும் ஒரு தடவை கேட்டாள். நீ பார்த்தாயா என்றாள். பார்த்தேன் என்றாள் மகள். எப்படி இருந்தான்? நன்றாகத்தான் இருந்தான் அம்மா, தூங்குவது மாதிரி இருந்தான் என்றாள் சத்யப்ரியா. பூவம்மாள் திருப்பிக் கேட்டாள்.

"நல்லா இருந்தான்னா எனக்கு ஏன் காட்டல?"

 ஒரு பொய்யைச் சொல்லி அதிலேயே மாட்டிக்கொண்டாயிற்று. அதன் பிறகு அம்மா கேட்கவும் இல்லை, நம்பவும் இல்லை. வெளியே பைக் சத்தம் கேட்டால் தலை நிமிரும். பஸ் ஸ்டாண்டில் மகனைப் போலவே ஒரு தோளைச் சாய்த்து நடக்கிற பையன் யாராவது போனால் பின்னாலேயே போவாள். ஒரு முறை அப்படி ஒருவன் பின்னால் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டர்தான் போன் செய்து, அம்மாவை வந்து கூட்டிப்போங்கள் என்றார். அந்தப் பையன் அவளுக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கிராமத்தில் சிலர் பூவம்மாளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்கள். அவளுக்கு மூளை நன்றாகத்தான் இருந்தது. குழம்பியதெல்லாம் மற்றவர்கள்தான்.

இந்த நிலைமையில்தான் சத்யப்ரியா ஸ்டூடியோவில் அந்தக் கதையை வரைந்துகொண்டிருந்தாள். அவள் வரைந்த தண்ணீர் டைரக்டருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு காட்சியில் நடுப்படம் மட்டுமல்ல, எல்லாப் படங்களையும் அந்தப் பெண்ணே வரையட்டும் என்று சொல்லி அனுப்பினார். பெரிய கௌரவம் என்று ஜான்சன் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். எந்தக் காட்சி என்று பார்த்தால், கவிழ்ந்து மிதக்கிற பையனை இயந்திரப் பெண்ணின் கை மெதுவாகத் திருப்புகிறது. பின்தலை, காது, தாடை, பிறகு முழு முகமும் தண்ணீருக்கு மேலே வருகிறது. படம் பார்க்கிறவர்கள் அவன் முகத்தை முதல் முதலில் பார்க்கும் இடம்.

முதலில் ஏதோ ஒரு பையனைத்தான் வரையப் பார்த்தாள். வரவில்லை. பொம்மை பொம்மையாக வந்தது. பின்தலையில் சுழி போட்டபோது அது தம்பியின் சுழியாக விழுந்தது. அதற்கு மேல் கையை நிறுத்த அவளால் முடியவில்லை, நிறுத்த அவள் விரும்பவும் இல்லை. பிணவறையில் பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தாள். தடித்த உதடு, ஒரு பக்கம் நிறம் மாறிய கன்னம், காதுக்குள் மணல், பாதி திறந்த கண். படம் படமாக அந்த முகம் தண்ணீரிலிருந்து திரும்பி வந்தது. வரையும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருடமாக அதை அவள் ஒருத்தியே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். பக்கத்து மேஜையில் வண்ணம் தீட்டுகிற ஃபரா எட்டிப் பார்த்துவிட்டு, யாரு அக்கா இது என்று கேட்டாள். கேட்ட கையோடு தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது, எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து டைரக்டர் வீடியோவில் வந்தார். மரியாதையான மனிதர், ஒவ்வொரு குறைக்கு முன்னாலும் இரண்டு பாராட்டு வைக்கிறவர். வேலை பிரமாதம், இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றார். ஆனால் இந்த இடத்தில் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அப்படித் திருப்பிக்கொண்டால் கதை போய்விடும் என்றார். பையன் அழகாக இருக்கட்டும், உறங்குகிறவனைப் போல. முடி தண்ணீரில் அலையட்டும்.

சத்யப்ரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டைரக்டர் திரையை விட்டுப் போனதும் ஜான்சனிடம் கேட்டாள். நிலாக் கதையில் ஒருத்தன் தொடையை இன்னொருத்தன் கடித்துத் தின்கிறான், அதைப் பார்ப்பார்களாம், ராணி கையை வெட்டி ரத்தம் பீய்ச்சுவதைப் பார்ப்பார்களாம், இதை மட்டும் பார்க்க மாட்டார்களா? பெரியவர்கள் படம் என்று சொன்னீர்களே, எந்தப் பெரியவர்களுக்கு? ஜான்சன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் கதைம்மா. இது கதை மாதிரி இல்ல."

வேறு வழியில்லை. உறங்குகிற முகத்தை அரை நாளில் வரைந்து முடித்தாள். அது ரொம்பச் சுலபமாக இருந்தது. பொய்யை ஏற்கெனவே ஒரு முறை சொல்லிப் பழகியவள்தானே. கண்மூடி, இமை நீண்டு, உதட்டில் சிரிப்பா இல்லையா என்று தெரியாதபடி தம்பியின் சாயலில் ஒரு பையன் தண்ணீரிலிருந்து எழுந்தான். டைரக்டர் வரிசையாகச் சிவப்பு இதயங்களை அனுப்பினார். வேண்டாம் என்று தள்ளிய படங்களை அழித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை, கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் போட்டு வைத்தாள்.

படம் வெளியாகி ஊர் ஊராக விழாக்களில் ஓடியது. கடைசியில் ஓடுகிற பெயர்களில் சத்யப்ரியாவின் பெயரும் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து நம்ம பிள்ளைகள் பெயர் வருகிறது, வீட்டுப் பெரியவர்கள் பார்க்க வேண்டாமா என்று ஜான்சனுக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவிலேயே சுவரில் வெள்ளைத் துணி கட்டித் திரையிட ஏற்பாடு செய்தார். பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதியில்லை என்று கதவில் தாள் ஒட்டினார். கார்ட்டூன் என்று கேள்விப்பட்டு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்த பெண்கள் படியில் நின்று சண்டை போட்டார்கள். பொம்மைப் படத்துக்கு என்ன வயசு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பூவம்மாளை வரவிடாமல் செய்ய சத்யப்ரியா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். வெட்டு குத்து இருக்கும், பாஷை புரியாது, மாடிப்படி செங்குத்து என்றாள். ஜான்சனே போன் செய்து கூப்பிட்டிருக்கிறார், போகாவிட்டால் மரியாதையில்லை என்றாள் அம்மா. மாமா தன் டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், நாலு வருடத்தில் முதல் தடவையாக. முன் வரிசையில் உட்கார்ந்து, மனுஷனை மனுஷன் தின்பதையும் ராணியின் கை போவதையும் வெற்றிலை மென்றுகொண்டே பார்த்தாள். பக்கத்தில் மாமாதான் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது கதை வந்தது. சத்யப்ரியா பின்னால் சுவரில் சாய்ந்து அம்மாவின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கவிழ்ந்து மிதந்த பையனை அந்தக் கை திருப்பியது. முகம் வந்தது. எவ்வளவு அழகாக்கினாலும் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? பூவம்மாள் மெல்வதை நிறுத்தினாள். இயந்திரப் பெண் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியது. ஒவ்வொரு கதவும் சாத்திக்கொண்டது. பூவம்மாள் இருக்கையின் விளிம்புக்கு வந்திருந்தாள். மூன்றாவது கதவு சாத்தியபோது எழுந்து நின்றுவிட்டாள். அவள் தலை நிழல் திரையில் விழுந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மீதி இரண்டு கதைகள் ஓடி முடியும் வரை அவள் அப்படியே நின்றாள்.

விளக்கு போட்டார்கள். டீ வந்தது. பூவம்மாள் யாரிடமும் பேசாமல் நேராக மகளிடம் வந்தாள்.

"இப்படித்தான் இருந்தானா?"

சத்யப்ரியாவுக்கு முன்னால் மாமா முந்திக்கொண்டார்.

"ஆமாக்கா. தூங்கற மாதிரிதான் இருந்தான். நாங்க ரெண்டு பேரும் பாத்தமே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்த ஒரு படத்தோடு அக்காவின் மனம் ஆறிவிடும், இன்றைக்கே மாலை வாங்கிப் போய் போட்டோவுக்குப் போட்டுவிடலாம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. சத்யப்ரியாவுக்கும் அது தெரிந்தது. ஆமாம் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு வருடம் அன்றைக்கே முடிந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் யார் பின்னாலும் அம்மா போக மாட்டாள். அந்த வார்த்தை அவள் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா கேட்டது தன் மகனை. வெளிநாட்டுக்காரர் கேட்டு, தான் அரை நாளில் வரைந்து கொடுத்த ஒரு பொம்மையை அவளிடம் கொடுத்து அழச் சொல்வதா? அப்படிச் செய்தால் அம்மா கடைசி வரைக்கும் யாருக்காக அழுவாள்?

"மாமா உள்ள வரலம்மா. நான்தான் பாத்தேன். இப்படி இல்ல."

மாமா அவள் கையைப் பிடித்தார். வேண்டாம் சத்யா, சொன்னால் கேள் என்றார். அவள் கையை விடுவித்துக்கொண்டு, அம்மாவைத் தன் மேஜைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டாள். மாமா பின்னாலேயே வந்தார். இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்திருந்ததைக் கெடுக்கிறாயே, அக்காவுக்கு இது வேண்டாம், அவள் உடம்புக்கு ஆகாது என்று மருமகளிடம் கெஞ்சினார்.

பூவம்மாள் தலையை மட்டும் திருப்பினாள்.

"எம்புள்ளயப் பாக்கறதுக்கு எனக்கு இன்னும் எத்தினி வயசு ஆவணும் மாணிக்கம்?"

மாமா விலகிப் படிக்கட்டுப் பக்கம் போனார்.

சத்யப்ரியா தள்ளிவைத்த படங்களைத் திறந்து ஓட விட்டாள். பின்தலை, சுழி, காது, தாடை, முகம். முடிந்ததும் பூவம்மாள் இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். மறுபடி ஓடியது. மூன்றாவது தடவை கடைசிப் படத்தில் நிறுத்தச் சொன்னாள். திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அந்த வீங்கிய முகத்தை அவள் ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். பெரிய கடையில் சேலை பார்க்கிறவள் முந்தியிலிருந்து ஆரம்பிப்பது போல, அவசரமில்லாமல் பார்த்தாள். காதருகே வந்ததும் அவள் விரல் நின்றது.

"அவங்க அப்பா காது," என்றாள். பிறகு, "அவன்தான்."

சத்யப்ரியா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இப்போது உடைந்துவிடுவாள், கத்துவாள், தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஃபரா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். பூவம்மாள் உடையவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து, திரையில் மகனுடைய கன்னத்தில் படிந்த அழுக்கைத் துடைப்பதுபோல் துடைத்தாள். அது போகாது என்று தெரிந்தும் இரண்டு தடவை துடைத்தாள். கண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு இறங்கி அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

"கண்ணு தொறந்திருக்குது," என்றாள்.

"ஆமாம்மா."

"யாரும் மூடலியா?"

சத்யப்ரியாவுக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். ஆயிரம் முகங்களுக்கு இமையைத் திறந்தும் மூடியும் வரைந்த கை அது. அன்றைக்கு அது துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தொட பயமா இருந்துச்சிம்மா."

பூவம்மாள் மகளைத் திட்டவில்லை. படிக்கட்டுப் பக்கம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட தம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மறுபடி அந்தத் திறந்த கண்ணைப் பார்த்தாள்.

"பயந்தவங்க எல்லாம் போனீங்க," என்றாள். "என்னைக் கூட்டிக்கினு போயிருந்தா நான் மூடியிருப்பேன்."